நிலத்தைப் பிரித்தாச்சு, கிணறு யாருக்கு?

பென்னாகரம் பக்கம் மூன்று ஏக்கர் நிலம், அதில் ஒரு கிணறு, ஊருக்குள் ஓட்டு வீடு, வீட்டுக்காரம்மா கழுத்தில் ஆறு பவுன், கூட்டுறவு சங்கத்தில் ஒரு நகைக்கடன். இவ்வளவுதான் சொத்து என்று சொல்பவரிடம் போய் உயில் எழுதி வைத்தீர்களா என்று கேட்டால் சிரிப்பார். அதெல்லாம் ஓசூரில் லே-அவுட் போடுகிறவர்களுக்கு என்பார். ஆனால் லே-அவுட் போடுகிறவருக்கு ஆடிட்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். பங்குத் தகராறு என்று வந்தால் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்க முடியாதவர் இந்த மூன்று ஏக்கர்காரர்தான்.

சொத்துத் திட்டமிடல் என்பது பெரிய வித்தை எதுவும் இல்லை. நமக்குப் பிறகு எது யாருக்கு, எந்த ஆவணத்தின் வழியாக, எப்போது போய்ச் சேர வேண்டும் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்து எழுதி வைப்பது. 'யாருக்கு' என்பதைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். 'எந்த ஆவணம்' என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் பக்கத்து மாவட்டங்களில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல், ஒரு காகிதம் அது செய்யாத வேலையைச் செய்யும் என்று நம்புவதால் வருபவை.

எதுவுமே எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதில் ஆரம்பிக்கலாம். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு ஒரு சம பங்கு. மகன், மகள் வித்தியாசம் கிடையாது. தந்தை உயிரோடு இருந்தாலும் அந்த வரிசையில் அவர் இல்லை, தாய் இருக்கிறார். பலருக்கும் மறந்துபோவது இந்தத் தாய்தான்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் லோன் போட்டு வீடு வாங்குகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரில் அம்மா. திடீரென்று இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். வீடு நான்கு பங்காகிறது, அம்மாவுக்கு ஒரு கால் பங்கு. அதில் தப்பே இல்லை, பெற்றவளுக்கு அது சேர வேண்டியதுதான். ஆனால் அந்த அம்மாவும் உயில் எழுதாமல் காலமானால் அந்தக் கால் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும். அதாவது இறந்தவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் அந்த வீட்டில் பங்குதாரர் ஆகிறார்கள். இறந்தவரின் பிள்ளைகளுக்குத் தங்கள் அப்பாவின் வழியில் ஒரு சிறு பங்கு வரும். மருமகளுக்கு அந்தக் கால் பங்கில் ஒன்றும் கிடையாது. பிறகு ஒருநாள் வீட்டை விற்கப் போனால் கொழுந்தனாரின் கையெழுத்து வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெண்களின் சொத்துக்கு விதி வேறு. குழந்தை இல்லாத, கணவனை இழந்த டீச்சர் ஒருவர் தன் சம்பளத்தில் தருமபுரியில் மனை வாங்குகிறார். உயில் இல்லாமல் அவர் இறந்தால் அந்த மனை முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தந்தைக்கு முறை அதற்குப் பிறகுதான் வரும். அப்பா, அம்மா வழியில் வாரிசாக வந்த சொத்து மட்டும் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். சொந்தச் சம்பாத்தியம் உள்ள பெண்கள் ஆண்களைவிட அவசரமாக உயில் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தக் காகிதத்துக்கு எந்த வேலை

பட்டாவில் பெயர் இருந்தால் நிலம் நம்முடையது என்பது நம் ஊரில் வேதவாக்கு. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டுவது கிரயப் பத்திரம், செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது), பாகப்பிரிவினை போன்ற மூல ஆவணங்கள். பெரியண்ணன் பெயரில் மட்டும் பட்டா மாறியிருப்பதால் தம்பி, தங்கை உரிமை போய்விடாது. அதேபோல் கூட்டுப் பட்டாவில் நான்கு பேர் பெயர் இருப்பதால் நான்கு பேருக்கும் சம பங்கு என்றும் ஆகிவிடாது.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று அது பிரித்துக் கொடுக்காது.

பவர் பத்திரத்தை, அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் காகிதத்தை, நம்புகிறவர்கள் இன்னொரு ரகம். "மூத்தவனுக்குப் பவர் எழுதிக் கொடுத்துட்டேன், அவன் பார்த்துக்குவான்" என்று நிம்மதியாக இருப்பார்கள். பொதுவாகப் பவர் கொடுத்தவர் இறந்த கணத்தில் அந்தப் பவரும் முடிந்துபோகிறது. அப்பா போன பிறகு அந்தப் பவரை வைத்து மூத்தவன் விற்றால் வாங்கினவனுக்கும் தலைவலி, தம்பிகளுக்கும் தலைவலி.

அப்புறம் கூர்சீட்டு. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத் தாளிலோ பத்து ரூபாய் பத்திரத்திலோ பங்கு பிரித்து எழுதி, அண்ணன் தம்பிகள் கைநாட்டு வைத்தது. பிரிவினையே அந்தத் தாளால்தான் நடக்கிறது என்றால் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத கூர்சீட்டை நம்பி வங்கி கடன் தராது, வாங்க வருபவர் அட்வான்ஸ் தரமாட்டார். அண்ணன் தம்பிகள் உயிரோடு, பேச்சுவார்த்தையோடு இருக்கும்போதே அதைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிந்துவிடுவது நல்லது. அடுத்த தலைமுறையில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் மூன்று மடங்கு ஆகிவிடுவார்கள்.

நாமினி விஷயத்தில் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்க வேண்டியவர். அவரே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பங்குச் சந்தை முதலீட்டுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். இவ்வளவு குழப்பத்துக்கு எளிய மருந்து, நாமினி பெயரும் உயிலில் உள்ள பெயரும் ஒன்றாக இருப்பது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் பி.எஃப். நாமினேஷனைத் திறந்து பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், புதிதாகப் போட வேண்டும் என்பது பி.எஃப். விதி. வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெச்.ஆர். நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி என்று இருப்பவர்கள்தான் அதிகம்.

மகள், பேரன், பூர்வீகம்

சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் நம் பங்கை மட்டும்தான் எழுத முடியும். முழு நிலத்தையும் ஒரு மகனுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனால் மற்றவர்களின் பங்கைப் பொறுத்தவரை அந்த உயில் வெறும் தாள்.

மகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவளுக்கு இனி என்ன என்ற பேச்சு தருமபுரி, கிருஷ்ணகிரியில் இன்னும் இருக்கிறது. சீர் செய்ததால் பங்கு கழியாது. தமிழ்நாடு 1989லேயே, மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், கல்யாணம் ஆனவர், ஆகாதவர் எல்லோருக்கும் அந்த உரிமை வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினைகள் பாதிக்கப்படாது. மகள் மனமொப்பிப் பங்கை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குப் பங்கு இல்லை என்பது உங்கள் முடிவானால், அவள் பெயரை உயிலில் சொல்லி, ஏன் தரவில்லை என்று ஒரு வரியாவது எழுதுங்கள். பெயரே இல்லாவிட்டால் அப்பாவை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள் என்ற வழக்குக்கு அதுவே பிடி ஆகும். எனக்கு இந்த முடிவே பிடிக்காது என்பது வேறு விஷயம்.

தாத்தா சொத்து என்றாலே பேரனுக்குப் பிறப்பிலேயே பங்கு என்பதும் முழு உண்மை இல்லை. தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அது அப்பாவுக்கு வாரிசு முறையில் வந்திருந்தால், அப்பாவின் கையில் அது அவருடைய தனிச் சொத்து. அப்பா இருக்கும்போது மகன் அதில் பங்கு கேட்க முடியாது. எனவே நிலம் எப்படி வந்தது, எந்த வருஷம், எந்தப் பத்திரம் என்று பார்க்காமல் உயில் எழுத உட்காராதீர்கள்.

உயிலா, செட்டில்மெண்டா

இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். உயில் இறந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். தான செட்டில்மெண்ட் பதிந்த அன்றே கை மாறிவிடும். அதற்குப் பிறகு மனசு மாறினால் நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது.

செட்டில்மெண்ட் பக்கம் ஆட்களை இழுப்பது அதன் உறுதி. உயிரோடு இருக்கும்போதே கை மாறிவிடுவதால் நாளைக்கு யாரும் உயில் பொய் என்று வழக்குப் போட முடியாது. பெற்ற பிள்ளைக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம்தான், அதற்கும் 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. உயிலுக்கு முத்திரைத் தாளே வேண்டாம்.

ஆனால் கையில் இருக்கும் ஒரே வீட்டையும் நிலத்தையும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து சோற்றுக்குக் காத்திருக்கும் அப்பன்களை நம் ஊரில் பார்க்கவில்லையா என்ன? அவசியம் செட்டில்மெண்ட்தான் என்றால் இரண்டு வாசகம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, எழுதிக் கொடுப்பவரும் அவர் மனைவியும் ஆயுள் வரை அந்தச் சொத்தை அனுபவிக்கும் உரிமை. இரண்டாவது, எழுதி வாங்குபவர் பெற்றோரின் சாப்பாடு, மருத்துவம், அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவு, அப்படிக் கவனிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோர வழி தருகிறது. கோட்டாட்சியர்தான் அந்தத் தீர்ப்பாயம். தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என நான்கு கோட்டங்கள் நமக்கு இருக்கின்றன. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் அன்பின் பேரில் கொடுத்தாரா, நிபந்தனையின் பேரில் கொடுத்தாரா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். பத்திர எழுத்தர் தயாராக வைத்திருக்கும் மாதிரியில் "அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்" என்று மட்டும்தான் இருக்கும். நீங்கள் சொன்னால்தான் சேர்ப்பார்.

உயிலில் எழுத வேண்டியது

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். எழுதுபவர் நல்ல நினைவோடு கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும்; அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைத் தாள் போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள். உயிலைப் பதிந்தால், சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம், அது தனிப் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கு அல்லது அவருடைய முகவருக்கு மட்டும்தான் கிடைக்கும்.

சாட்சி யார் என்பதில் கவனம். நாளைக்குக் கோர்ட்டில் ஒரு சாட்சியாவது வந்து சொன்னால்தான் உயில் நிற்கும். எழுபது வயது நண்பர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவது பாசம்தான், ஆனால் உங்களுக்கு முன்னால் அவர்கள் போய்விட்டால்? உங்களைவிட வயது குறைந்த, வெளியூர் போகாத ஆட்களாகப் பாருங்கள். பங்கு வாங்குபவரும் அவர் மனைவியும் சாட்சியாக வேண்டாம். வயது அதிகம் என்றால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே ஒரு சாட்சியாக இருப்பது மிக நல்லது.

சொத்து விவரம் எழுதும் இடத்தில் நம் மாவட்டங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தருமபுரி 1965ல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தாத்தாவின் பத்திரத்தில் சேலம் மாவட்டம், அப்பாவின் பத்திரத்தில் தருமபுரி மாவட்டம், உங்கள் பட்டாவில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கும். பழைய சர்வே எண்ணும் உட்பிரிவாகி மாறியிருக்கும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். எனவே பழைய எண், புதிய எண், இரண்டு அளவு, செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயரும் அப்படித்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பத்திரத்தில் முனியப்பா என்றும் ரேஷன் கார்டில் முனியப்பன் என்றும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று யார் போய் நிரூபிப்பது? "முனியப்பா என்கிற முனியப்பன்" என்று எழுதினால் முடிந்தது.

சரி, இப்போது கிணற்றுக்கு வருவோம். மூன்று ஏக்கரை இரண்டு மகன்களுக்கு ஒன்றரை ஒன்றரையாக எழுதுகிறார் ஒருவர். வடக்குப் பங்கு பெரியவனுக்கு, தெற்குப் பங்கு சின்னவனுக்கு. அளவில் ஒரு சென்ட் கூடக் குறைவில்லை. ஆனால் கிணறு வடக்கில், ரோடும் வடக்கில், மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில். தெற்குக்காரனுக்குத் தண்ணீரும் இல்லை, தக்காளிக் கூடையை ஏற்ற வண்டி போக வழியும் இல்லை. அவன் தனியாகப் போர் போட்டாலும் புதிய விவசாய மின் இணைப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். அப்பா சரிபாதியாகத்தான் கொடுத்தார். ஆனாலும் அடுத்த கோடையிலேயே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடும்.

இதற்கு வேண்டியது நான்கைந்து வரிதான். பத்திர நடையிலேயே சொன்னால் இப்படி இருக்கும்: "மேற்படி கிணறு, மோட்டார், மின் இணைப்பு, டெபாசிட் தொகை ஆகியவை இரு பங்குதாரர்களுக்கும் பொதுவில் சம பாத்தியம். நாள் விட்டு நாள் முறை வைத்து நீர் இறைத்துக்கொள்ள வேண்டியது. தூர் வாருதல், மோட்டார் பழுது ஆகிய செலவில் சரிபாதி. கீழ்க்காணும் தெற்குப் பங்குக்கு வடக்குப் பங்கின் கீழ்ப்புற வரப்பை ஒட்டி 12 அடி அகலத் தடத்தில் ஆள், ஆடுமாடு, வண்டி, டிராக்டர் போக வர பாத்தியம். பைப் லைன் கொண்டுபோகவும் பாத்தியம்." இதை எழுதாத உயில், எவ்வளவு அழகாக டைப் அடித்திருந்தாலும், பாதி உயில்தான்.

வரப்பில் நிற்கும் புளியமரம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள், சிரிக்காதீர்கள். காய்ப்பு நன்றாக இருக்கும் வருஷம் அதுவே நல்ல வருமானம். மாந்தோப்பு என்றால் ஏக்கர் கணக்கு மட்டும் போதாது. ஒரு பக்கம் காய்க்கிற பெங்களூரா ரக மரங்கள், மறு பக்கம் நட்டு இரண்டு வருஷமான கன்று என்றால் அளவில் சம பங்கு, வருமானத்தில் இல்லை. பூ விடும்போதே தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த சீசன் பாக்கிப் பணம் யாருக்கு என்பதும் ஒரு வரி.

நகைக்கடன், பயிர்க்கடன், கொடுத்தது, வாங்கியது, சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் கணக்கு இருக்கட்டும். கடன் வாரிசு தலையில் விழும் என்ற பயத்துக்கு ஓர் அளவு உண்டு. அவர்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் பொறுப்பு. சாவு வரி என்று ஒன்று வரும் என்பதும் வீண் பயம், எஸ்டேட் வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள். பத்து வருஷம் தொடப்படாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர்கள் கேட்டு வாங்கலாம், ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

மேலே சொன்ன வாரிசு விதிகள் இந்துக்களுக்கு. முஸ்லிம்கள் பொதுவாக மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வாரிசுகளில் ஒருவருக்கே எழுதினால் மற்றவர்களின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர் ஒருவர் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும், திரும்ப எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று, பெங்களூரில் சைட் (வீட்டு மனை) வைத்திருப்பவர்களுக்கு. நம் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். உயிலை ஓசூரிலோ தருமபுரியிலோ எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், கர்நாடகச் சொத்தையும் அதிலேயே சேர்க்கலாம். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. சொத்து இருக்கும் இடத்து அலுவலகத்தில்தான் பதிய வேண்டும், தீர்வையும் அந்த மாநிலக் கணக்கில்தான். உயிலில் அந்த சைட்டின் காத்தா (அங்கத்துச் சொத்துவரிப் பதிவு) எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு பெயர் மாற்றப் போகும் பிள்ளையிடம் அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.